பூரணம் மாமியின் கண்ணும் ஒரு குரவையும்

கண்ணைக் கத்தியால் வெட்டுவார்களாமே, உண்மையா என்று கேட்டுக்கொண்டு தன்னாமுனையிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் பெண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்துபோகிறார்கள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது; தைக்கத் தந்த சட்டைகளும் பிந்துகின்றன. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து பிறகு எதற்கு இருக்கிறது? எழுதி வைத்துவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருத்தி மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பயந்து கிடப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டத்தான் செய்வார்கள். ஆனால் வெட்டுவது பெரிய பாடில்லை. வெட்டிய பிறகு அசையாமல் கிடப்பதுதான் பாடு.

வெட்டியது என் கண்ணையல்ல, பூரணம் மாமியின் கண்ணை. மாமி எனக்கு இரத்த உறவில்லை. அவர் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர், நான் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவே ஒரு தென்னங்கிடுகு வேலி. போய்வரப் போய்வர அந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு விழுந்துவிட்டது. உறவென்றால் அந்தப் பொட்டுத்தான். மாமிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு துண்டுத் தென்னந்தோட்டமும் சில கோழிகளும் உண்டு. அதோடு ஊரில் வேறெவருக்கும் இல்லாத ஒரு குரலும் உண்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ பிள்ளைப்பேறோ குரவை இல்லாமல் நடக்காது. நாக்கைச் சுழற்றிப் பெண்கள் எழுப்பும் அந்த ஒலியை எல்லாரும் எழுப்புவார்கள்தான். ஆனால் பூரணம் மாமி குரவை போட்டால் ஆற்றின் நடுவே தோணியில் இருப்பவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். கடலோடு சேரும் உப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஏறாவூர் முஸ்லிம் வீடுகளில்கூடக் கல்யாணமென்றால் மாட்டுக் கரத்தை அனுப்பி மாமியை அழைத்துப் போவார்கள். என் மூத்தவள் பிறந்தபோது, பெண்தானே என்று மருத்துவிச்சி வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஆண் பிள்ளைக்கு மட்டும் குரவை போடும் வீடுகள் இன்றும் சில உண்டு. வேலிப் பொட்டால் வந்த மாமி, "பொட்டப் புள்ளைக்கு என்னகா குறை? அதுவும் பத்து மாசம் கிடந்துதானே வந்திரிக்கி" என்று மருத்துவிச்சியை ஏசிவிட்டு, மூச்சு முட்டக் குரவை போட்டார். இரண்டாவதும் பெண், அதற்கும் அப்படியே போட்டார். இதை மறந்தால் நான் நன்றி கெட்டவள்.

மாமியின் இடது கண் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் அறுவடைக்குப் போன இடத்தில், வயல் வட்டைக்குள் நெற்கதிர் குத்திப் பழுதானது. பிறகு வலது கண்ணை வைத்துத்தான் காலம் ஓட்டினார். அதிலும் பூ விழத் தொடங்கியது. சீனியென்று உப்பை அள்ளித் தேத்தண்ணிக்குள் போட்டுக் குடித்துவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஏசினார். என் கோழியொன்றைத் தன்னுடையது என்று பிடித்துத் தன் கூட்டில் அடைத்தார். ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவளுடைய தங்கச்சிக்கு நேரே நின்று குரவை போட்டார். சனம் சிரித்தது, மாமியும் சேர்ந்து சிரித்தார். அன்று பின்நேரம் வேலியடியில் நின்று என்னிடம் சொன்னார்:

"றோசலின், எத்தினை புள்ளையளுக்குக் குரவை போடுறன். ஒண்டின்ட முகமாவது எனக்குத் தெரியிதா? கிணத்துக்குள்ள நிண்டு கூப்பிடுற மாதிரி இரிக்குகா."

எதற்கும் பகிடி பேசுகிற மனுஷி அன்று பகிடி பேசவில்லை. 

என் அன்றாடப் பாட்டையும் சொல்ல வேண்டும். என் புருஷன் சவரி இரவில் ஆற்றில் வலை போடுகிறவர். விடியக் கிடைத்த மீனைத் தோணியிலேயே பட்டினத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்து பகலில் தூங்குவார். எனக்கு விடியமுன் முற்றம், கிணறு, அடுப்பு, பிள்ளைகள். பிறகு பொழுது சாயும் வரை மெஷின். இடையில் வேலிப் பொட்டால் போய் மாமிக்குத் தண்ணீர் அள்ளி வைக்க வேண்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். அவரை நெருப்போடு விட எனக்குப் பயம். எனக்கென்று ஒரு நேரம் உண்டென்றால் அது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். சாப்பிட்ட கையோடு ஈரப்பலா மரத்தடியில் பாயைப் போட்டு, ஆற்றைப் பார்த்தபடி சும்மா கிடப்பேன். தூக்கம் வந்தால் தூங்குவேன். அந்த நேரத்துக்கு வேலிப் பொட்டில் ஒரு கிடுகைச் சாத்தி வைப்பேன். ஆள் இல்லை என்று அர்த்தம். மாமி அதை மதிப்பார். மதித்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்குக் கேட்கும்படி கோழிகளோடு ஊர்க்கதை பேசுவார்.

கொழும்பிலிருந்து ஒரு கண் டொக்டர் வந்து பட்டினத்து ஆஸ்பத்திரியில் தங்கியிருந்து கண்ணில் பூ எடுக்கிறார் என்ற செய்தியைச் சந்தையிலிருந்து கொண்டுவந்தவர் சவரி. மாமி அசையவில்லை.

"பரியாரி மூலிகைச் சாறு விடுறார். அதே காணும், வேற வேணாம்" என்றார்.

"அந்தச் சாறை விட்டு விட்டுத்தானே மாமி எங்கட கோழி உங்கட கூட்டுக்குள்ள கிடக்கு" என்றார் சவரி.

மாமி கூட்டைத் திறந்து அந்தக் கோழியைப் பொட்டால் எங்கள் பக்கம் விரட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அடுத்த நாள் மீன் கூடைகளோடு மாமியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். காத்திருப்பதுதான் அங்கே முதல் வைத்தியம். மருந்து நெடியும் வியர்வையும் கலந்த அந்த இடத்தில் மாமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் ஓட்டமாவடி நெல் வியாபாரி ஒருவர் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமி அவரிடம் மெல்ல, "வெட்டக்குள்ள நோவுமா தம்பி?" என்று கேட்டார்.

"வெட்டினது நோகல்லம்மா. வெத்திலைய நிப்பாட்டச் சொன்னாங்க பாருங்க, அதுதான் நொந்தது" என்றார் அவர்.

வெற்றிலை இல்லாமல் ஒரு பொழுதும் கழியாத மாமி உடனே எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டார். பிடித்து உட்கார வைத்தேன்.

டொக்டர் இளைத்த, பொறுமையான மனுஷன். ஒரு சின்ன வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு மாமியிடம் கேட்டார்: "மீன் கறி காச்சுவீங்கதானே அம்மா? பச்சை மீன்ட கண்ணுக்குள்ள ஒரு மணி இருக்கும், கண்ணாடி மாதிரி. வெந்த பிறகு அது எப்பிடி இருக்கும்?"

"வெள்ளையாப் போகும்."

"உங்கட கண்ணுக்குள்ளயும் அப்பிடி ஒரு மணி இருக்கு. வயசு போகப் போக வெள்ளையாப் போச்சு. அதை எடுத்துப்போட்டால் வெளிச்சம் உள்ளுக்குப் போகும்."

"அப்ப என்ட கண்ணை ஆரு ஐயா காச்சின?" என்று கேட்டார் மாமி. டொக்டர் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்து என்னைப் பார்த்து மற்றதையும் சொன்னார். மாமிக்கு இருப்பது ஒரே கண். வெட்டு நன்றாகவே நடக்கும், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்டிய இடம் ஒட்டும் வரை நோயாளி தலையை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். இருமினாலோ முக்கினாலோ கண்ணுக்குள் அழுத்தம் கூடி வெட்டுவாய் பிளந்துவிடலாம். பிளந்தால் பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் பொறுப்பான ஒரு பெண் இருக்க வேண்டும் என்றார். "மகளா?" என்று கேட்டார். "அடுத்த வளவு" என்றேன்.

வெட்டுவதற்கு முன் சில சோதனைகள் செய்தார்கள். சலத்தை, அதாவது சிறுநீரை, ஒரு நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். நிறம் மாறினால் உடம்பில் சீனி உண்டு என்று அர்த்தம், சீனியிருந்தால் புண் ஆறச் சுணங்கும். மாமியின் சலம் நீலமாகவே இருந்தது. கையில் பட்டி கட்டிக் காற்றடித்து இரத்தத்தின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். கண்ணில் பீளையோ சீழோ இல்லையென்று தெரியும்வரை ஒவ்வொரு நாளும் மருந்துத் தண்ணீரால் கழுவினார்கள். இவை எதுவும் வலிக்காது, பயப்பட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குக் காசும் கேட்கவில்லை. பிறகு போட வேண்டிய கண்ணாடிக்குத்தான் செலவு. அதற்கு மாமி தேங்காய் விற்று வைத்திருந்தார்.

எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய தையல் வேலை வந்திருந்தது. எங்கள் கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டைகள் தைக்க வேண்டும். அதில் ஒன்று என் மூத்தவளுடையது. இரண்டையும் எப்படிப் பார்ப்பதென்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். சவரி ஒரு வழி சொன்னார். மெஷினில் ஓட்ட வேண்டியதை விளக்கு வைத்த பின் வீட்டில் ஓட்டுவது. கையால் தைக்கும் விளிம்பு, பொத்தான், பூவேலை எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. விடிய அவருடைய தோணியில் போய், பின்நேரம் ஏறாவூர்ப் பஸ்ஸில் வந்து இறங்குவது. பகல் சமையல் தன் பொறுப்பு என்றார். என் மச்சாள், சவரியின் தங்கச்சி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். சவரி வைத்த தேங்காய்ப்பால் சொதியைப் பற்றி அதிகம் சொல்லக்கூடாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் காய்ச்சியது போல் உப்பு. ஆனால் தூக்கத்தை விட்டு அடுப்பில் நின்ற மனுஷனுடைய சொதி. நான் கிண்ணத்தை வழித்துத்தான் குடித்தேன்.

வெட்டுகிற அன்று என்னை வெளியில் இருத்திவிட்டார்கள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்வார்களாம். ஊசியில் கோத்த நூலை நான் கோத்தபடியே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல் போடவில்லை. மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்குவேன், நடுவில் மறந்துவிடும், மறுபடி தொடங்குவேன். மாமியைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தபோது இரண்டு கண்களும் கட்டியிருந்தன. பார்வையே இல்லாத இடது கண்ணை ஏன் கட்டினார்கள் என்று கேட்டேன். ஒரு கண் அசைந்தால் மற்றதும் சேர்ந்து அசையும் என்றார்கள்.

"நொந்ததா மாமி?"

"இல்லகா. வெட்டி முடிய, மறுகா ஒரு வெளிச்சம் வந்தது. உடனே கட்டிட்டாங்க, அறுந்து போவாங்க" என்று ஏசினார் மாமி, உதடு அசையாமல்.

தலைக்கு இரு பக்கமும் மணல் நிரப்பிய இரண்டு பைகளை வைத்தார்கள். தூக்கத்தில் கை கண்ணுக்குப் போகாதபடி இரவில் இரண்டு கைகளையும் மெல்லிய துணியால் கட்டிலோடு தளர்வாகக் கட்டுவார்கள். அந்த நோயாளர் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"அம்மா, நீர் இருமக் கூடாது. தும்மக் கூடாது. சிரிக்கவும் கூடாது. அழவும் கூடாது" என்றார்.

"செத்த பொணத்துக்கும் இவ்வளவு சட்டம் இல்ல, சிஸ்டர்" என்றார் மாமி.

வெட்டிய இடத்தில் தையல் போட்டார்களா என்று சிஸ்டரிடம் கேட்டேன். இல்லை, தையல் போடுவதில்லை, தானாக ஒட்ட வேண்டும் என்றார். தையற்காரியான எனக்கு அதுதான் பெரிய திகிலாக இருந்தது. தைக்காமல் விட்ட துணி எங்கேயாவது தானாக ஒட்டுமா? ஒரு இழை இழுபட்டால் என்ன கதி? அன்று முதல் மாமி மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் எனக்குள்ளே ஏதோ இழுபட்டது.

ஆனால் அந்த நாட்கள் எல்லாம் துன்பமென்று சொன்னால் பொய். கரண்டியால் கஞ்சியும் பாலும் ஊட்டினேன். வெற்றிலை கேட்டு மாமி முனகும்போது வேறு கதை பேசினேன். சிரிப்பு வரும் கதைகளை விழுங்கிவிட்டேன், அது எனக்குக் கடினமான விரதம். பக்கத்துக் கட்டில்களில் எழுந்து உட்காரக்கூடிய பெண்கள், சும்மா இருக்க முடியாமல், "தாகா ஒரு சட்டை" என்று வாங்கி விளிம்பு தைத்துத் தந்தார்கள். காலில் புண்ணோடு கிடந்த ஒருத்தி போட்ட தையல் என் தையலைவிட நெருக்கமாக இருந்தது. சிஸ்டர்கூட ஒரு மதியம் நின்று இரண்டு பொத்தான் தைத்துவிட்டுப் போனார்.

அந்த வாட்டுக்கு நேரே, முற்றத்துக்கு அப்பால், பிள்ளைப்பேற்று வாட்டு. ஒரு நாள் காலையிலிருந்து அங்கே ஒரு பெண்ணின் முனகல் கேட்டபடி இருந்தது. மாமி கட்டுக்குள் இருந்த கண்களோடு அதையே கேட்டுக்கொண்டு கிடந்தார். "பாவம், மெத்தக் கஷ்டப்படுறா" என்றார். மதியம் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு நான் ஒரு சட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் அழுகை கேட்டது. நல்ல தெளிவான அழுகை. எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினோம். அழுகைக்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. முற்றம் முழுக்க அமைதி.

இருமாதே, தும்மாதே, சிரிக்காதே, அழாதே என்று எல்லாம் சொன்னார்கள். குரவை போடாதே என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரச் சிஸ்டருக்கும் கொழும்பு டொக்டருக்கும் அது எப்படித் தெரியும்? தெரிந்த எனக்கே தோன்றவில்லை. மாமியின் மார்பு ஏறுவதைப் பார்த்தேன். உதட்டிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டு, "மாமி!" என்று நான் எழும்புவதற்குள் குரவை புறப்பட்டுவிட்டது. மல்லாந்து கிடந்த வாயிலிருந்து, மணற் பைகளுக்கு நடுவிலிருந்து, கூரை அதிர ஒரு முழுக் குரவை.

சிஸ்டர் ஓடிவந்தார். டொக்டரை அழைத்தார்கள். கட்டை விலக்கிப் பார்த்த அவர் முகம் மாறியது. கண்ணின் முன்பக்கத்தில் இரத்தம் கசிந்து நிற்கிறது, உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வெட்டுவாய் பிளந்ததா இல்லையா என்பதை இரத்தம் வற்றிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார். மாமியை ஏசவில்லை. மறுபடி கட்டிவிட்டு, இன்னும் அதிக நாள் கிடக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அவர் ஏசாததை நான் ஏசினேன். "ஒரு நிமிசம் அந்த வாயை அடக்க ஏலாமப் போச்சா மாமி? எத்தினை பேர் இந்தக் கண்ணுக்காகப் பாடுபடுறம்?"

மாமி கட்டில் விளிம்பில் தடவி என் கையைத் தேடினார். பிறகு, "ஒருத்தரும் போடல்லகா" என்றார். "புள்ள அழுவுது, ஒருத்தரும் போடல்ல. என்ட வாய் தானாத் திறந்திட்டு." கையில் என் விரல் பட்டதும், "அழக்கூடாது எண்டும் சொல்லிட்டாங்களே. நான் இப்ப என்ன செய்ய?" என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் சேர்த்து நானே அழுதேன்.

மறுநாள் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண், என் வயதைவிட மூத்தவர், வாட்டு வாசலில் நின்று, "நேத்துக் குரவை போட்டவங்க ஆரு?" என்று கேட்டார். ஏறாவூர் பாத்தும்மா. பிள்ளை பெற்றவள் அவருடைய மகள். முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, இது மூன்றாவது, பெண் பிள்ளை.

"நான் தனியத்தான் வந்த. மகள்ட உசிர் நிக்குமா எண்டு பயந்து என்ட வாய் காய்ஞ்சி போய்ட்டு. குரவை போட எனக்கு நாக்கு எழும்பல்ல" என்றார் பாத்தும்மா. "அந்த நேரம் ஆண்டவன் அனுப்பின மாதிரி உங்கட குரவை வந்திச்சி. மகள் அதக் கேட்டுத்தான் கண்ணத் திறந்து சிரிச்ச."

அந்தக் குரவையால் என்ன நடந்ததென்று நான் சொன்னேன். பாத்தும்மாவின் கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்த பலகாரத்தை மாமியால் மெல்ல முடியாது என்று தெரிந்ததும் அதை வாட்டில் உள்ளவர்களுக்குப் பங்கிட்டார். பிறகு நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மகளுக்குக் காய்ச்சல் இருந்ததால் அவர்கள் இன்னும் சில நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது. மகளைப் பார்ப்பார், வந்து மாமிக்கு ஊட்டுவார், கால் பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ப் படுங்க புள்ள, நான் இரிக்கன்" என்று என்னை எழுப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரி வளவு வேப்ப மரத்தடியில், சட்டை மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நான் தூங்கினேன். என் வாழ்க்கையில் அப்படித் தூங்கியதில்லை. அந்தத் தூக்கத்துக்காகப் பாத்தும்மாவுக்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்.

மாமி மட்டும் மாறிவிட்டார். வெற்றிலை கேட்கவில்லை, சிஸ்டரோடு வாய் காட்டவில்லை. சொன்னபடி கிடந்தார். அந்த அடக்கத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏசுகிற மாமியே போதும் என்றிருந்தது.

கட்டு அவிழ்க்கிற அன்று சாளரச் சீலையை இழுத்துவிட்டு அறையை மங்கலாக்கினார்கள். சவரி மீன் விற்ற கையோடு வந்து வாசலில் நின்றார். பாத்தும்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். டொக்டர் பஞ்சை எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரால் இமையைத் துடைத்துத் திறக்கச் சொன்னார். மாமி திறக்கவில்லை.

"திறவுங்க அம்மா."

"தெரியாட்டி?" என்றார் மாமி. சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"திறந்து பாருங்க மாமி. நான் இஞ்சதான் இரிக்கன்" என்றேன்.

இமை விரிந்தது. டொக்டர் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன் மாமியின் குரல் வந்தது.

"அது என்னகா மடியில வெள்ளையா? கொக்கா?"

என் மடியில் கிடந்தது என் மகளின் சட்டை. இரத்தம் வற்றிவிட்டது, வெட்டுவாய் ஒட்டிவிட்டது என்றார் டொக்டர். எடுத்த மணிக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி போடும் வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கண் தப்பிவிட்டது. வாசலில் சவரி சிலுவை போட்டுக்கொண்டார். நான் அந்தச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன்; அதனால்தான் அதன் கழுத்தடியில் இன்றும் ஒரு கறை இருக்கிறது. நன்மை வாங்கிய அன்று கோயிலில் சாம்பிராணியை மீறிச் சட்டைகளில் ஆஸ்பத்திரி நெடி வீசியது. பூசை வைத்த சுவாமி மூக்கைச் சுளித்தார். நான் மெழுகுதிரியைப் பார்த்தபடி நின்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் விரலை நீட்டி எச்சரித்தார். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. தான் சொல்லும் வரை குரவை கூடவே கூடாது. அந்தச் சொல்லை அவரும் படித்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின் கண்ணாடி வந்தது, போத்தல் அடி போலத் தடிப்பு. மாமி அதைப் போட்டுக்கொண்டு முதலில் செய்த வேலை, வேலிப் பொட்டால் வந்து என் முற்றத்துக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"இது என்ட கோழிதான்கா. அண்டைக்கி உன்ட மாப்பிள்ளை என்னைப் பொய்க்காரி ஆக்கினவர்" என்றார். உண்மைதான்; காலில் மாமி அடையாளத்துக்குக் கட்டிய நூல் இறுகிக் கிடந்தது. சவரி நித்திரை போல் கிடந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பொட்டில் கிடுகைச் சாத்துவது நானல்ல, மாமி. கோழிகளோடும் மெதுவாகத்தான் பேசுகிறார்.

பிள்ளைக்கு நாற்பதாம் நாள் என்று பாத்தும்மா ஏறாவூரிலிருந்து கரத்தை அனுப்பினார். மாமியையும் என்னையும் உள்ளறைக்கு அழைத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்தார்கள். அறை நிறையப் பெண்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு மாமியின் மடியில் கிடத்தினார்கள். அந்தச் சட்டை நான் தைத்தது. மாமி குனியாமல் பிள்ளையை இரண்டு கைகளாலும் கண்ணாடிக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். நெற்றியை, புருவத்தை, கொட்டாவி விட்ட வாயை எல்லாம் பார்த்தார். பெண்கள் எல்லாரும் மாமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மார்பு ஏறியது. டொக்டர் நீட்டிய விரல் எனக்கு ஞாபகம் வந்தது. மாமி பிள்ளையை மடியில் விட்டுவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ போடுகா."

"எனக்கு வராது மாமி." உண்மையாகவே வராது. சின்ன வயதிலிருந்தே என் நாக்கு அதற்குச் சுழலாது.

"வராட்டியும் போடு."

கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். நடுவில் உடைந்து, முட்டையிட்ட கோழியின் கேறலாகி, எங்கேயோ போய் நின்றது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பாத்தும்மா சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்துவிட்டார். வெட்கத்தோடு கண்ணைத் திறந்தேன். மாமி சிரிக்கவில்லை. அந்தத் தடித்த கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் நான் போட்டன், மத்தவங்க பாத்தாங்க" என்றார். "இண்டைக்கி நீ போட்டாய், நான் பாத்தன்."